செயலாளரின் ஆண்டறிக்கை: காலரில் தைத்த பெயர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் செயலவை மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் நம் பிள்ளைகளும் உடன்பிறப்புகளும் தங்கியிருக்கும் மனநலப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் வந்ததைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் போனதும் சமையலறையை எட்டிப் பார்ப்போம். சாதம் சூடாக இருக்கிறது, தரை கழுவியிருக்கிறது என்றால் நிம்மதியாகத் திரும்பிவிடுவோம். இந்த ஆண்டு மருந்துப் புத்தகத்தையும் பார்க்கக் கேட்டோம். முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கேட்டோம். அன்று இரவு எட்டு மணி மாத்திரைக்கான கட்டங்களில் அப்போதே 'சரி' போட்டிருந்தது, ஒரே பேனா, ஒரே சாய்வு. 'சரி' போட்ட பணியாளரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரவில் அத்தனை பேருக்கும் ஒரே பணியாளர்தான் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டோம். இப்போது இரவில் இருவர் இருக்கிறார்கள். மாத்திரையை விழுங்கிய பிறகே கையெழுத்து. இதற்கு ஐந்து மாதம் ஆனது.

அடுத்தது என் சொந்த அண்ணனின் விஷயம். சபையில் சொல்லத் தயங்கினேன், ஆனால் இன்னொரு வீட்டுக்கு இது பயன்படும். அண்ணன் பல வருடமாக குளோசப்பின் என்ற மனநோய் மாத்திரையில் இருப்பவர், நன்றாகப் புகைப்பவர். படுக்கையை ஒழுங்குபடுத்தவில்லை என்று தண்டனையாக அவருடைய சிகரெட்டை இரண்டு வாரம் நிறுத்தியிருக்கிறார்கள். நான் போன ஞாயிறன்று அவர் நாற்காலியிலேயே தூங்கி வழிந்தார். தலையணையெல்லாம் எச்சில். "தம்பி, கால் என் பேச்சைக் கேட்கலடா" என்றார். கிளினிக்கில் மருத்துவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. சிகரெட் புகை இந்த மருந்தைக் கல்லீரல் சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்கிறது. புகை திடீரென்று நின்றால், அதே மாத்திரை இரத்தத்தில் ஏறிவிடும். வலிப்பு வரைக்கும் போகலாம். சிகரெட்டை விட்டால் நல்லதுதான், விடட்டும். ஆனால் மருத்துவரிடம் சொல்லி, அளவைச் சரிசெய்துகொண்டு விட வேண்டும். ஒரு மனிதனின் கையிலிருந்து தண்டனையாகப் பிடுங்குவது பராமரிப்பு ஆகாது. புகை, உணவு, வெளியே போவது எதையும் தண்டனையாக நிறுத்தக் கூடாது என்று கேட்டோம். நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்கிறது.

இதே மருந்தில் இருப்பவர்களுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை உண்டு. அதை யாரும் விடுவதில்லை. மலச்சிக்கலைத்தான் யாரும் கேட்பதில்லை. கூச்சம். குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும் என்று மருத்துவர் எச்சரித்ததால், அதற்கும் புத்தகத்தில் ஒரு கட்டம் போடச் செய்தோம்.

துணி விஷயத்தை அம்மாமார்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லாச் சட்டையையும் ஒன்றாகத் துவைத்து, அளவு பார்த்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த சட்டை தைப்பூசத்துக்குள் வேறொருவர் உடம்பில் இருக்கும். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொரு காலரின் உட்புறமும் கலர் நூலால் பெயர் தைத்தோம். நூலின் நிறத்தை அவரவரே தேர்ந்தெடுத்தார்கள். அதிகம் பேசாத ஒருவர் பச்சை நூலைக் காட்டினார். தைத்துக் கொடுத்ததும் காலரைப் புரட்டி, எழுத்தை விரலால் தடவி, "இத நானே வெச்சிக்கலாமா?" என்று கேட்டார். ஊசியைக் கையில் பிடித்திருந்த அம்மாவால் அதன் பிறகு தைக்க முடியவில்லை.

தைப்பூசத்துக்காகப் பினாங்கில் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் நாளில் நான்கு பேரை நம் தண்ணீர்ப் பந்தலுக்கு அழைத்து வந்தோம். அவர்களில் ஒருவர் லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவர். வெயிலில் உடம்பின் நீர் வற்றினால் அந்த மருந்தும் இரத்தத்தில் கூடிவிடும் என்பதால், நிழலில் உட்கார வைத்து அடிக்கடி தண்ணீர் கொடுத்தோம். மற்ற மூவரும் வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார்கள். யாரும் அவர்களை நின்று உற்றுப் பார்க்கவில்லை.

நம்மில் பலர் இன்னும் கேட்கப் பயப்படுகிறோம். 1911-இல் திறந்த பேராக் மனநல மருத்துவமனையின் ஊரான தஞ்சோங் ரம்புத்தானை இன்றும் வசைச் சொல்லாகத்தானே வைத்திருக்கிறோம்? அந்த வெட்கம் நம் வாயைக் கட்டுகிறது. கேட்டால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. இப்படிப் பலரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இல்லம் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பார்க்கக் கேட்பது சண்டை இல்லை. 2001-இல் இயற்றிய மனநலச் சட்டம் 2010-இல்தான் அமலுக்கு வந்தது. அதே ஆண்டில் நம் மலேசியா ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது. சட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கும் ஆள்தான் குறைவு. இன்னும் சில வீடுகளிலிருந்து வருடம் முழுவதும் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுடைய சட்டையிலும் நாங்கள்தான் பெயர் தைத்தோம்.

முடியாமல் நிற்பவை இரண்டு. பெண்கள் பகுதியின் குளியலறைக்கு இன்னமும் உட்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. இல்லவாசிகளின் கைச்செலவுப் பணத்துக்குத் தனித்தனிக் கணக்கு இல்லை. வரும் ஆண்டில் இவ்விரண்டையும் முதலில் எடுக்க வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிகிறேன். இல்லவாசிகள் இருவரை நம் கூட்டத்துக்கு அழைக்கவும் சபை அனுமதி தர வேண்டும்.

இரவு வேலை பார்க்கும் பணியாளர்களுக்கும், மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய நம் உறுப்பினர்களுக்கும் நன்றி. அடுத்த முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு இல்லத்தின் வாசலில் கூடுவோம். புதிதாக வந்த இருவரின் துணி இன்னும் தைக்கவில்லை, ஊசி நூல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்