ஏ-வுக்கு எதிரே ஜி வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மரபணுச் சோதனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதற்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குவதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான், அந்தப் படத்தையும் கட்டுரையின் நடுவில் வந்த ஒரு வரியையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இரட்டைச் சுருள் இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. நம் செல்களில் சாதாரணமாக இருக்கும் டிஎன்ஏ வலஞ்சுழி. நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் நமக்கு முன்பக்கம் தெரிகிற இழை கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கம் நோக்கி ஏற வேண்டும், உங்கள் படத்தில் நேர் எதிராக ஏறுகிறது. பக்கத்தை அழகாக வடிவமைக்கும்போது யாரோ படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். (இடஞ்சுழி டிஎன்ஏவும் உண்டே என்று யாராவது கேட்பார்கள். உண்டு, இசட் டிஎன்ஏ என்று பெயர், 1979-ல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் அதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். ஆனால் அதன் முதுகெலும்பு, அதாவது சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்ந்த வெளிச்சட்டம், வளைந்து நெளிந்து போகும், நீங்கள் போட்டது அது இல்லை.)

அதைவிடப் பெரிய சிக்கல், அதே படத்தில் ஓர் இடத்தில் ஏ-வுக்கு எதிரே ஜி போட்டிருப்பது. (ஏ, டி, ஜி, சி என்பவை டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின்.) எழுத்துப் பிழைதானே, ஏ-டி, ஜி-சி என்று எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் எனக்கு உறுத்துவதே அதுதான். ஏ-டி, ஜி-சி என்பதை எல்லோரும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறோம், ஏன் அப்படி என்று கேட்டால் முழிக்கிறோம்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை, அளவுதான். ஒரு நியூக்ளியோடைடு என்றால் ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், ஒரு நைட்ரஜன் காரம். அடினைனும் குவானைனும் பியூரின்கள், இரண்டு வளையம் கொண்டவை. சைட்டோசினும் தைமினும் பிரிமிடின்கள், ஒரே வளையம். சுருளின் அகலம் நெடுகிலும் ஏறக்குறைய 2 நானோமீட்டர்தான். பெரியதும் பெரியதும் எதிரெதிரே வந்தால் அங்கே புடைக்கும், சிறியதும் சிறியதும் வந்தால் ஒன்றையொன்று எட்டாது, பெரியதும் சிறியதும் சேர்ந்தால்தான் ஏணிப்படி மாதிரி எல்லா ஜோடியும் ஒரே நீளத்தில் அமையும். சரி, அப்படியானால் ஏ-வும் சி-யும் சேரலாமே? சேராது. ஹைட்ரஜனைக் கொடுக்கிற இடமும் வாங்கிக்கொள்கிற இடமும் நேருக்கு நேர் வர வேண்டும், ஏ-வுக்கும் சி-க்கும் அது பொருந்துவதில்லை. ஏ-வுக்கும் டி-க்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, ஜி-க்கும் சி-க்கும் மூன்று. இதை ஒரு தடவை புரிந்துகொண்ட பிள்ளை அப்புறம் ஜென்மத்துக்கும் ஏ-வுக்கு எதிரே ஜி எழுதாது.

அச்சில் வரும் படம் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்த கதையே சாட்சி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எர்வின் சார்காஃப் டிஎன்ஏவில் ஏ-யின் அளவும் டி-யின் அளவும் சமம், ஜி-யின் அளவும் சி-யின் அளவும் சமம் என்று 1950 வாக்கிலேயே காட்டிவிட்டார். மனித டிஎன்ஏவில் ஏ, டி தலா சுமார் 30 சதவீதம், ஜி, சி தலா சுமார் 20 சதவீதம். பாஸ்பேட்டுகள் வெளியேதான் இருக்க வேண்டும் என்று ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் சொல்லியிருந்தார், ஆனால் பாஸ்பேட்டை உள்ளே வைத்து மூன்று இழை கொண்ட வடிவம் ஒன்றை வெளியிட்டு லைனஸ் பாலிங் போன்ற மேதையே 1953 தொடக்கத்தில் சறுக்கினார். இவ்வளவு தகவல் கைக்கு எட்டிய பிறகும் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் வாட்சன் ஏ-வுக்கு ஏ, டி-க்கு டி என்று ஒரே காரத்தை ஜோடி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய பாடப்புத்தகங்களில் குவானைனுக்கும் தைமினுக்கும் ஹைட்ரஜனைத் தப்பான இடத்தில் போட்டிருந்தார்கள், அவரும் அதையே நம்பி வரைந்தார்! அதே அறையில் உட்கார்ந்திருந்த ஜெர்ரி டோனஹூ என்ற வேதியியலாளர் புத்தகம் தப்பு என்று சொன்ன பிறகு அட்டையில் புது வடிவங்களை வெட்டி நகர்த்திப் பார்க்க, 1953 பிப்ரவரி 28 காலையில் ஜோடி பொருந்தியது. ஏப்ரல் 25 தேதியிட்ட நேச்சர் இதழில் கட்டுரை வந்துவிட்டது. அதிலும்கூட ஜி-சி ஜோடிக்கு இரண்டு பிணைப்புதான் சொல்லியிருந்தார்கள், மூன்று என்று 1956-ல் பாலிங்கும் ராபர்ட் கோரியும் சரிசெய்தார்கள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன், டிஎன்ஏவின் செய்தியை நகலெடுத்துச் செல்லும் ஆர்என்ஏ பற்றியது. "ஆர்என்ஏவில் தைமினுக்குப் பதில் யுராசில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதான் இல்லை. சர்க்கரையே வேறு. ஆர்என்ஏவின் ரைபோஸில் இரண்டாவது கார்பனில் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக உண்டு, ஹைட்ராக்சில் தொகுதியாக, டிஎன்ஏவின் டிஆக்ஸிரைபோஸில் அது இல்லை. அந்த ஒரு ஹைட்ராக்சில் பக்கத்திலிருக்கும் பாஸ்பேட்டைத் தாக்கி இழையையே அறுத்துவிடும். காரக் கரைசலில் போட்டால் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும், டிஎன்ஏ இழை பிரியுமே தவிர அப்படி அறுபடாது. சைபீரியாவில் கிடைத்த மாமத் பல்லிலிருந்து பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல் பழைய டிஎன்ஏவைப் படித்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கொரோனா காலத்தில் ஃபைசரின் எம்ஆர்என்ஏ தடுப்பூசியை மைனஸ் 70 டிகிரி வாக்கில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

யுராசில் விஷயம் இன்னும் சுவாரசியமானது. யுராசிலோடு ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்தால் தைமின். இரண்டுமே ஏ-வோடு ஜோடி சேரும், அப்புறம் எதற்கு டிஎன்ஏ இந்தக் கூடுதல் செலவைச் செய்ய வேண்டும்? ஏனென்றால் சைட்டோசின் தானாகவே தன் அமைன் தொகுதியை இழந்து அவ்வப்போது யுராசிலாக மாறிவிடும், ஒவ்வொரு செல்லிலும் தினமும் இது நடந்துகொண்டேயிருக்கிறது. டிஎன்ஏவில் யுராசில் வழக்கமான எழுத்தாகவே இருந்தால் எது அசல், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று செல்லுக்குத் தெரியாது. தைமின் இருப்பதால் யுராசிலைப் பார்த்தாலே பழுது என்று தெரிந்துவிடும், வெட்டி எடுத்துவிடும். வெட்டுகிற நொதியை 1974-ல் தாமஸ் லிண்டால் கண்டுபிடித்தார், டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆய்வுகளுக்காக 2015-ல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். ஒரே பத்தியில் எழுதிவிடலாம் சார் இதை, எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஆர்என்ஏ ஒற்றை இழை என்பதால் அதில் ஜோடியே கிடையாது என்று ஒரு கருத்தும் உங்கள் கட்டுரையைப் படித்தால் வந்துவிடும். அந்த ஒற்றை இழை தன்மேல் தானே மடிந்து ஜோடி சேர்ந்துகொள்ளும், ஜி-யும் யுராசிலும்கூட அங்கே சேரும். புரதம் தயாராகும்போது செய்தியைக் கொண்டுவரும் தூது ஆர்என்ஏவின் மூன்றெழுத்தும் அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் கடத்து ஆர்என்ஏவின் மூன்றெழுத்தும் சேர வேண்டும், முதல் இரண்டில் கறாராக இருந்துவிட்டு மூன்றாவதில் கொஞ்சம் தளர்வு காட்டுகிறது என்று 1966-ல் வாட்சனின் கூட்டாளி ஃபிரான்சிஸ் கிரிக் சொன்னார். அந்தக் கறாரை, புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோம் எப்படிச் சோதிக்கிறது என்பதை அணு அளவில் காட்டியவர்களில் முக்கியமானவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோமிலேயே இருக்கும் அடினைன்கள் நீட்டி வந்து ஜோடியின் வடிவம் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கின்றன. அவருக்கு 2009-ல் நோபல் கிடைத்தபோது நம் பத்திரிகைகள் எல்லாம் ஊர்ப் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதின, இந்த விஷயத்தை எத்தனை பேர் எழுதினார்கள்?

திருத்தம் போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். உள்பக்க மூலையில் இரண்டு வரி போட்டு முடித்துவிடாதீர்கள். சரியான படத்தை அதே அறிவியல் பக்கத்தில் அதே அளவில் மறுபடி அச்சிடுங்கள், வலப்பக்கம் முறுக்கி, ஏ-வுக்கு எதிரே டி-யைப் போட்டு, இரண்டு இழைகளின் அம்புக்குறிகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி. பிள்ளைகள் உங்கள் படத்தை வெட்டித்தான் புராஜெக்ட் நோட்டில் ஒட்டுகிறார்கள், என் வகுப்பில் ஏற்கெனவே சிலர் ஒட்டிவிட்டார்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.