செல்வத்துக்கு, டிஎன்எஸ் சர்வர் பற்றி

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அக்கா மகள் கல்யாண வேலையில் பதில் போட முடியவில்லை. நீ வராததை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒரு போன் போட்டுச் சமாளி.

நாற்பது டொமைனுக்கு, பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரைச் சொந்தமாக வைக்கலாமா, எந்த சாப்ட்வேர் என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. ஆனால் பழக்கதோஷத்தில் கை நேரே பைண்ட் என்கிற பழைய டிஎன்எஸ் சாப்ட்வேருக்குப் போகும். அங்கேதான் கொஞ்சம் நில்.

பைண்டைக் குறை சொல்லவில்லை. 1980களில் பெர்க்லி மாணவர்கள் எழுத ஆரம்பித்தது, நாம் தொழில் பழகியதும் அதில்தான். அதற்கு எல்லாம் தெரியும், வம்பே அதுதான். நம் டொமைனைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வதும், யாரோ கேட்கும் பெயரை ஊரெல்லாம் விசாரித்துச் சொல்வதும் ஒரே புரோகிராம். சோதனைக்கென்று இரண்டாவது வேலையை எல்லோருக்கும் திறந்துவைத்து, மூட மறந்துவிட்டேன். எவனோ போலி முகவரி போட்டுச் சின்னச் சின்னக் கேள்வியாக அனுப்ப, என் சர்வர் பெரிய பெரிய பதிலாகச் சம்பந்தமே இல்லாத ஒருவன் தலையில் கொட்டியிருக்கிறது. டிஎன்எஸ் கேள்வி போகும் யுடிபி வழியில் அனுப்பியவன் யாரென்று யார் பார்க்கிறார்கள்? சர்வரை வாடகைக்கு விட்டவர்கள் இணைப்பைப் பிடுங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் என்எஸ்டிக்கு மாறினேன். ஆம்ஸ்டர்டாமில் என்எல்நெட் லேப்ஸ் எழுதுவது. அதற்கு ரிகர்ஷன், அதாவது ஊரெல்லாம் விசாரிக்கும் அந்த வேலை, செய்யவே தெரியாது. தன் ஜோனில், அதாவது தன்னிடம் கொடுத்த டொமைன் விவரத்தில், இருப்பதை மட்டும் சொல்லும். நான் செய்த தப்பை அதில் செய்ய நினைத்தாலும் முடியாது. சின்னது என்று நினைக்காதே, இணையப் பெயர்களுக்கெல்லாம் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களில் ஒன்றான கே ரூட் சர்வரே 2003இல் அதற்கு மாறியது. உள் நெட்வொர்க்குக்கு வெளிப் பெயர்களை விசாரித்துச் சொல்லும் ரிசால்வர் வேண்டுமென்றால் அதே ஆட்களின் அன்பவுண்டைத் தனியாகப் போட்டுக்கொள்.

பவர்டிஎன்எஸ் பற்றியும் கேட்டாய். வாடிக்கையாளர்கள் தாங்களே பக்கம் திறந்து ரெக்கார்டு மாற்றவேண்டுமென்றால், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தகவலை வைக்கும் அதுதான் வசதி. உன் ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை போனில் சொல்லி மாற்றுகிறவர்கள். அதற்காக ஒரு டேட்டாபேஸைக் கட்டி மாரடிப்பானேன்? பதில் போலியில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்தை சாப்ட்வேரே பார்த்துக்கொள்ளவேண்டுமென்றால், செக் நாட்டுக்காரர்கள் எழுதும் நாட் (Knot) நல்லது. என்எஸ்டி கையெழுத்துப் போடாது, வெளியில் போட்டுக் கொடுக்கவேண்டும். முதல் ஆறு மாதம் நீ டிஎன்எஸ்செக் பக்கமே போகாதே என்பேன்.

எதைப் போட்டாலும் டொமைன் விவரம் எழுதும் ஜோன் பைலில்தான் உயிர் போகும். பெயருக்கு முடிவில் புள்ளி வைக்க மறந்தால், மெயில்.உன்கடை.இன் என்பது மெயில்.உன்கடை.இன்.உன்கடை.இன் ஆகிவிடும். புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிற கதைதான். நம் ஆட்களுக்கு இதையா சொல்லித்தரவேண்டும்! ஆனாலும் எனக்கு மூன்று தடவை நடந்தது.

பைலை மாற்றும்போதெல்லாம் கூட்டவேண்டிய சீரியல் நம்பர் இன்னும் மோசம். அதன் தொடக்கத்தில் வருஷம் 2024 என்பதற்கு 2204 என்று அடித்துவிட்டேன். மறுநாள் சரியாக எழுதினால், முதல் சர்வரிலிருந்து பிரதி எடுக்கும் இரண்டாவது சர்வர், அதாவது செகண்டரி, அதைப் பழசு என்று ஒதுக்கிவிட்டது. நம்பர் கூடினால்தானே புதுசு என்று எடுக்கும்! முதல் சர்வர் புது ஐபி சொல்ல, இரண்டாவது பழசைச் சொல்ல, பாதிப் பேருக்குக் கடை திறந்தது, பாதிப் பேருக்குப் பூட்டு. கடைசியில் செகண்டரியில் இருந்த பிரதியை அழித்துவிட்டு முதலிலிருந்து இழுக்க வைத்தேன். அதிலிருந்து என்எஸ்டியோடு வரும், பைலில் தப்பு பார்க்கும் செக்ஜோனை ஓட்டாமல் ரீலோடு கிடையாது. சீரியலை மட்டும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்று. இரண்டு சர்வரையும் ஒரே ரேக்கில் வைக்காதே. செகண்டரி வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் இருக்கவேண்டும் என்று 1997லேயே இணைய வழிகாட்டியில் எழுதிவைத்துவிட்டார்கள். அதற்காகத் தனியாக வாடகை கொடுக்காதே. என்னுடையதில் உனக்கு ஒரு செகண்டரி வைக்கிறேன், கோவையில் உன் சர்வரில் எனக்கொன்று வை. நான் என்எஸ்டி, நீ நாட் போட்டால் இன்னும் நல்லது. ஒன்றில் ஓட்டை வந்தாலும் மற்றது நிற்கும். ஐபியை மெயிலில் அனுப்பு. செகண்டரிக்குப் பிரதி போகும் ஜோன் டிரான்ஸ்பருக்கான ரகசியச் சாவியை மட்டும் மெயிலில் போடாதே, போனில் வாசி, எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாண்டி