கேட்கும் காதுக்கும் ஊர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இசை ரசனை பற்றி வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். ஒருவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பது அவரவர் மனசையும் வயதையும் படிப்பையும் பொறுத்தது என்கிறார் கட்டுரையாளர். அதில் ஊர் என்ற பேச்சே வரவில்லை. எந்தப் பாட்டு நம் காதுக்கு வந்து சேரும் என்பதை முதலில் முடிவு செய்வது நாம் பிறந்த இடம்தான். பிடிப்பதும் பிடிக்காததும் அதற்கு அப்புறம்தான்.

நான் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் திருச்சி வானொலியைப் பிடிக்க முள்ளை நகர்த்தி நகர்த்திக் கை வலிக்கும். கொரகொர சத்தத்துக்கு நடுவில் செய்தி வாசிப்பவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இலங்கை வானொலியோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவாக விழும். காரணம் எளிமையானது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். மத்திய அலை ஒலிபரப்பு காய்ந்த நிலத்தின் மேல் சீக்கிரம் தேய்ந்துபோகும். உப்புக் கடலின் மேல் வெகுதூரம் வலுக்குறையாமல் வரும்.

இதில் அரசியலும் கலந்திருந்தது. 1952-இல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சரான பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது. நாடு முழுக்க நேயர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். 1957-இல் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்து அகில இந்திய வானொலியின் விவித பாரதி வந்த பிறகும் எங்கள் கடற்கரை முழுதாகத் திரும்பி வரவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழாகவே ஆகிவிட்டது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஓடினால்தான் அடுப்படியில் வேலை நடக்கும். அதே அலையில் ஈழத்துப் பொப் பாடல்களும் வந்தன. போர்த்துகீசியர் காலத்திலிருந்து இலங்கையில் ஊறிய பைலாத் தாளம் அவற்றில் துள்ளும். ஏ.ஈ.மனோகரன் பாடினால் எங்கள் தெருப் பையன்களுக்குக் கால் தானாக ஆடும். அந்தத் தாளத்தை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கடல் கொண்டுவந்து கொடுத்தது.

என் மனைவி கும்பகோணம் பக்கம். அவர் காது வேறு மாதிரி. தொலைக்காட்சியில் ஒரு பழைய பாட்டு தொடங்கினால் நான் பாடியது யார், வரி என்ன என்று கவனிப்பேன். பல்லவி முடிவதற்குள் ‘இது கரகரப்பிரியா ராகம்’ என்பார் அவர். அவர் முறைப்படி பாட்டுக் கற்றவர் அல்ல. சாமி புறப்பாட்டின்போது திண்ணையில் உட்கார்ந்து நாயனம் (நாகஸ்வரம்) கேட்டு வளர்ந்தவர், அவ்வளவுதான்.

அந்த நாயனமும் அந்த மண்ணிலிருந்து வந்ததுதான். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். 2022-இல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊதுகிற சீவாளி, ஆற்றங்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்வது. பக்கத்துத் திருவாவடுதுறையில் அதற்கென்றே கைகள் இருக்கின்றன. கரையில் கொறுக்கை இல்லையென்றால் எத்தனை பெரிய வித்வானாலும் என்ன செய்ய முடியும்? வாத்தியத்தின் அளவையும் வாசிக்கிற இடம்தான் மாற்றியது. திறந்த வீதியில் தூரத்துக்குக் கேட்கவேண்டும் என்பதால் குட்டையான, சுருதி கூடிய திமிரி நாயனம் இருந்தது. கச்சேரி மேடையும் மைக்கும் வந்த காலத்தில், நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைப் பரவலாக்கினார் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரிந்த விஷயம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே சொல்கிறது. மருதத்துக்கு நெல்லரி கிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் விரித்திருக்கிறார்கள்.

இப்போது கைபேசி வந்துவிட்டது, எந்த ஊரிலிருந்தும் எதையும் கேட்கலாம் என்பது உண்மை. என் அண்ணன் மகள் கொரியப் பாட்டு கேட்கிறாள், சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஊர்க் கொடையில் நையாண்டி மேளம் இறங்கியதும் காதிலிருப்பதைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக ஓடுகிறவளும் அவள்தான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். எழுபதுகளில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த ஊரில் எந்த நிலையம் எடுத்தது, எந்த நேரத்தில் எடுத்தது, அதில் என்ன கேட்டார்கள் என்று மாவட்டவாரியாக வாசகர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் இதைச் சொல்ல ஆள் இருக்காது. எங்கள் மாவட்டத்துக்கு நானே எழுதி அனுப்பத் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்