கேஸ் ஷீட்டைக் கேட்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மருத்துவக் கவனக்குறைவு பற்றிய கட்டுரையில், 'உயிர் போய்விட்டால் முதலில் டாக்டர் மீது எப்.ஐ.ஆர். போட வையுங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்' என்று ஒரு வரி இருந்தது. எதுவும் தானாக நடக்காது என்பது தாங்கள் அறியாததல்ல. நீதிமன்றச் செய்திகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கும் இதழிலேயே இப்படி ஒரு வரி வந்ததுதான் வருத்தம்.

2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. டாக்டரைக் குற்றவாளியாக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி, கூடுமானவரை அரசுப் பணியில் உள்ள, அந்தத் துறை தெரிந்த வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். வழக்கமாகச் செய்வதுபோல டாக்டரைக் கைது செய்யவும் கூடாது. இத்தனையும் தாண்டிச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தாலும், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சச் சிறைத் தண்டனை 2 ஆண்டு.

குற்ற வழக்கு முடியட்டும் என்று குடும்பம் காத்திருக்கும்போது, இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான 2 ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்.ஐ.ஆர். இருக்கிறது என்பதற்காக அது நிற்பதில்லை. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் போதிய காரணம் காட்ட வேண்டும். தங்கள் வரியை நம்பி நடக்கிறவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இழப்பீட்டுத் தொகைக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் கொல்கத்தா வழக்கைப் பாருங்கள். 1998-ல் அனுராதா சாஹா என்ற நோயாளியின் மரணம். மெதுவாகக் கரையும் ஸ்டீராய்டு ஊசியை நாளுக்கு இருமுறை போட்டதுதான் அதில் முக்கியக் குற்றச்சாட்டு. 2009-ல் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்கில் மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டதை உறுதி செய்தது. அதே தீர்ப்பில் இழப்பீட்டுப் பொறுப்பு உண்டு என்றும் சொன்னது. 2013-ல் ஏறக்குறைய 6 கோடி ரூபாய் வழங்கியது. சம்பவமும் ஆவணங்களும் ஒன்றே. ஒரு வழியில் தோற்றது, மறு வழியில் வென்றது. 6 கோடியைத் தாங்களும் பெட்டிச் செய்தியாகப் பலமுறை போட்டிருக்கிறீர்கள். குற்ற வழக்கு என்ன ஆனது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

முதல் நாளிலேயே குடும்பம் செய்ய வேண்டியது கேஸ் ஷீட் (மருத்துவமனையில் உள்ள முழுச் சிகிச்சைப் பதிவு) நகலை எழுத்துமூலம் கேட்டு, மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குவது. 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுங்குவிதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் கையில் இருந்தால் போதாது, அது பின்னால் உட்கார்ந்து எழுதப்படும் சுருக்கம். நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த அட்டவணை, மயக்க மருந்துப் பதிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், ஆய்வக அறிக்கைகள் எல்லாம் பக்க எண்ணோடு வேண்டும். மரணத்தின் காரணமே சர்ச்சை என்றால் தகனத்துக்கு முன் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். அதற்காகக் காவல் நிலையம் போவது நியாயம். அந்த ஒரு சந்தர்ப்பத்தைத் தங்கள் கட்டுரை குறிப்பிடவே இல்லை!

வழக்குகள் பெரும்பாலும் தோற்பது காரணத் தொடர்பில். டாக்டர் தவறினார் என்று காட்டினால் மட்டும் ஆகாது, அந்தத் தவறால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்றும் காட்டியாக வேண்டும். புகாரில் 'தவறான சிகிச்சை அளித்தனர்' என்று மொட்டையாக எழுதிவிட்டு நிபுணரிடம் 'தவறு நடந்ததா?' என்று கேட்டால், 'ஏற்கத்தக்க சிகிச்சையே' என்று ஒரு வரியில் பதில் வரும். இரத்த அழுத்தம் எத்தனை மணிக்கு இறங்கியதாகப் பதிவு, சிறுநீர் அளவு எப்போது குறைந்தது, மருத்துவர் எப்போது வந்து பார்த்தார், அந்த இடைவெளி அத்துறையின் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் ஒருவர் ஏற்கக்கூடியதா என்று கேட்டால் நிபுணர் நழுவ முடியாது. பலன் கிடைக்காததும், இரண்டு ஏற்கத்தக்க முறைகளில் ஒன்றைத் தேர்ந்ததும் தாமாகக் கவனக்குறைவு ஆகிவிடாது. ஆனால் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டால் அந்த நிகழ்வே பேசும், 1996-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-ல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

எங்கே போவது என்பதிலும் தங்கள் கட்டுரை குழப்பியிருக்கிறது. ஆணையத்தின் வரம்பு, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமே இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை 1995-ம் ஆண்டுத் தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, அதற்கு உரிமையியல் நீதிமன்றம். சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்த்தால், அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே. கட்டுரையைப் படித்த ஏழைக் குடும்பம் இதை எப்படித் தெரிந்துகொள்ளும்?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புகார் வந்த அன்றே 'டாக்டர் அலட்சியத்தால் பலி' என்று மேற்கோள் குறிகூட இல்லாமல் தலைப்பு வைக்கிறீர்கள். கேட்ட தொகையைக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். வழக்கு தள்ளுபடியானால் ஒரு வரி வருவதில்லை. மேல்முறையீட்டில் தொகை குறைந்தால் அதுவும் வருவதில்லை. இதனால் மருத்துவர் பெயர் கெடுகிறது. அதைவிட, உண்மையில் பாதிக்கப்பட்ட குடும்பம், வழக்கு இவ்வளவு எளிது என்று நம்பி வெறுங்கையோடு வந்து நிற்கிறது.

அடுத்த இதழில் திருத்தமாக ஒரு சிறு பெட்டி வெளியிட வேண்டுகிறேன். 72 மணி நேரம், 2 ஆண்டு, கட்டிய தொகையை வைத்து ஆணையம், பிரேதப் பரிசோதனை. இந்த நான்கும் இருந்தால் போதும். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தை வெளியிடாமல் அந்தப் பெட்டியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர்