கணபதி லேத் பட்டறையிலிருந்து ஒரு நன்றி மடல்

போன மாதம் சங்கக் கூட்டத்தில் எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். சிறைக்குப் போய் வந்தவர்களுக்கு வேலை கொடுக்கிறேனாம். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைக்கும்போதுதான் உறுத்தியது. வேலைக்கு எடுத்ததுதான் நான். அவர்களை நிலைக்க வைத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

எங்கள் பட்டறையில் 14 பேர். மூன்று பேர் கோவை மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர்கள். இன்னொரு தம்பி சிறைக்கே போகாதவர். குற்றம் உறுதியானாலும் நீதிமன்றம் நன்னடத்தைச் சட்டத்தில் விட்டுவிட்டது. நாலு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

முதல் நன்றி, நஞ்சப்பா சாலையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்கில் நின்ற அந்த அண்ணனுக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று சொல்லி, நாம் தலையாட்டும் வரை குழாயை அழுத்த மாட்டார். மைக்ரோமீட்டரில் ஜீரோ பார்க்காமலே அளக்கிற பையன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. தண்டனைக் கைதிகள்தான் அங்கே வேலை செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வ.உ.சி. செக்கிழுத்த சிறை என்பதைத் தவிர அந்த மதிலைப் பற்றி அதுவரை எனக்கு எதுவும் தெரியாது.

எங்களிடம் முதலில் வேலைக்கு வந்தவர் சிறைக்குள் தறி ஓட்டியவர். போலீஸ்காரர்களின் காக்கித் துணியை நெய்த கை. பேரிங் போகப்போகிறது என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் முதல் வாரம் சாயங்காலம் ஐந்தே முக்கால் ஆனால் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்றுவிடுவார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஃபோர்மேன் அண்ணனுக்குப் புரிந்தது: சிறையில் ஆட்களை எண்ணி அடைக்கிற நேரம் அது. அருகில் போய், "இங்க எண்ணிக்கை எல்லாம் கெடையாதுங்க. கார்டைப் போட்டுட்டு நீங்களே கதவத் தொறந்து போலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அண்ணனுக்குத் தனி மடல் எழுதலாம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாவதாக வந்தவர் ஐயாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் ஆளே இல்லை. எனக்குக் கோபம். இனி இந்த வம்பே வேண்டாம் என்றேன். ஃபோர்மேன் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி அட்வான்ஸோட ஓடுனவங்க ஏழு பேருங்க. அதுல ஒருத்தரும் ஜெயிலுக்குப் போனவங்க இல்லியே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஓடியவர் பிறகு திரும்பி வந்தார், பாதிப் பணத்தோடு. மீதி சம்பளத்தில் கழிந்துகொண்டிருக்கிறது.

ஆதார் மையத்தில் இருக்கும் தங்கச்சிக்கு நன்றி. உள்ளே இருந்த வருடங்களில் ஒருவருடைய பழைய செல் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. பேங்க் கணக்கு தொடங்கப் போனால் ஓடிபி அந்த யாரோ ஒருவருக்குப் போகிறது. கணக்கு இல்லையென்றால் சம்பளம் போட முடியாது. இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுப் பதிவும் அதே ஓடிபியில்தான் முட்டிக்கொண்டு நின்றது. ரேகை சரியாகப் பதியாத அந்தக் கையை நாலு தடவை துடைத்துத் துடைத்து வைத்து, புது நம்பரைச் சேர்த்துக் கொடுத்தது அந்தத் தங்கச்சிதான்.

வக்கீல் ஐயாவுக்கு பீஸ் கொடுத்தேன். இருந்தாலும் நன்றி பாக்கி. பெரிய கம்பெனி ஒன்று, எங்கள் வாடிக்கையாளர், அவர்கள் வளாகத்துக்குள் வருகிற எல்லோருக்கும் காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்டது. நன்னடத்தைச் சட்டத்தில் விடப்பட்ட தம்பி பதறிவிட்டான். வக்கீல் ஐயா பொறுமையாகச் சொன்னார்: 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, அப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனைத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது. ஆனால் தீர்ப்பே இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதானாம்: கேட்டதை மறைத்தால், மறைத்ததற்காகவே வேலை போகலாம், சின்ன வழக்கு என்றால் வேலை கொடுத்தவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். நாங்கள் எதையும் மறைக்காமல் எழுதி, தம்பியின் வருகைப் பதிவையும் ரிஜெக்ஷன் கணக்கையும், அதாவது அவன் செய்ததில் தப்பாகிக் கழிந்தவை எத்தனை என்ற கணக்கையும், சேர்த்து அனுப்பினோம். அங்கே குவாலிட்டி பார்க்கிற அம்மா ரிஜெக்ஷன் கணக்கை மட்டும் படித்துவிட்டு, "இந்தப் பையனையே அனுப்புங்க" என்றாராம். அம்மா, உங்களுக்கும் நன்றி.

வாய்தா நாளில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு உதவும் மற்ற பத்துப் பேரையும் சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பழைய வழக்கு ஒன்று இன்னும் ஓடுகிறது. காலையில் கோர்ட்டில் பெயர் கூப்பிட எத்தனை மணியாகும் என்று கடவுளுக்கே தெரியாது. தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் வேறு கூப்பிடுவார்கள். இனி ஒழுங்காக இருப்பேன் என்று பிணை எழுதி வாங்கும் பிரிவு அது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110, இப்போது புதுச் சட்டத்தில் 129. அன்றைக்குச் சம்பளத்தைப் பிடித்தால் அடுத்த வாய்தாவுக்கு வேலையா கோர்ட்டா என்று அவர் யோசிக்க வேண்டிவரும். கோர்ட்டுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்ட், வேலையும் போகும். இதை ஒரு மதியச் சாப்பாட்டில் பேசி முடித்து, வாய்தா நாள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அப்புறம், வீட்டுக்காரம்மா. சிறையிலிருந்து வந்த ஒருவருக்கு வாடகை வீடு தேடி ஆறு வீடு ஏறி இறங்கிய பிறகு ஏழாவதாக உங்கள் மாடிக்கு வந்தோம். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மோட்டார் போடத் தெரியுமாப்பா? எனக்கு மாடி ஏற முடியல" என்று கேட்டீர்கள். வாடகை அட்வான்ஸில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மெஸ் அக்கா, கணக்கு நோட்டில் எங்கள் ஆள் ஒருவர் பெயருக்கு நேரே 'ஜெயில்' என்று யாரோ எழுதியதை அடித்துவிட்டு 'ரெண்டாவது தோசை முறுகலா' என்று எழுதி வைத்தீர்களே, அதை அவர் எனக்கு போட்டோ எடுத்துக் காட்டினார்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் பட்டறைக்கு வர வேண்டும். பொரி கடலை, சுண்டல் உண்டு. அன்றைக்கு மெஸ் அக்காவுக்குச் சமையல் கிடையாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சி.என்.சி. மெஷினுக்கு இன்னும் ஒரு ஆள் தேவைப்படுகிறது. உங்களுக்குத் தெரிந்து யாராவது வெளியே வந்திருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள்.