எங்கள் கரைக் கபடிப் பிள்ளைகளுக்கும் கணக்கு எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர் ஆஷ்டன் ஜென்டியைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். 2024-ல் ஒரே சீசனில் 2,601 கஜம் ஓடியவர், 1988-ல் பேரி சாண்டர்ஸ் வைத்த 2,628 கஜச் சாதனையை 27 கஜத்தில் தவறவிட்டார் என்று போட்டிருந்தீர்கள். எண்கள் சரி. ஆனால் அந்த இரண்டையும் மொட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேருக்குமே நியாயம் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதோடு நம் மாவட்டத்துக் காரியம் ஒன்றும் இருக்கிறது.

நான் தங்கச்சிமடத்துக்காரன். இந்தக் கரையோரப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி நகரில் இருக்கிறது. ஜென்டி ஆடியது அந்த ஊர்ப் பல்கலைக்கழக அணிக்குத்தான். அங்கே போயிருந்தபோது மருமகன் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். தரை பச்சையாக இருக்காது, நல்ல நீலம். 1986-லிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஃபுட்பாலில் பந்து முட்டை வடிவில் இருக்கும், பெரும்பாலும் கையில்தான் போகும். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. ரன்னிங் பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணி ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும். மற்ற ரன்னிங் பேக்குகள் குனிந்து முழங்காலில் கை வைத்துத் தயாராக நிற்பார்கள். ஜென்டி மட்டும் கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்பார். பந்து வந்ததும் அதே உடம்பு வேறு உடம்பாகிவிடும். முதல் ஆள் மோதுவான், விழமாட்டார். இரண்டாவது ஆள் இடுப்பைப் பிடிப்பான், அவனையும் இழுத்துக்கொண்டு நாலு எட்டு வைப்பார். அந்த சீசனில் அவர் எடுத்த தூரத்தில் பெரும்பகுதி முதல் மோதலுக்குப் பிறகு கிடைத்ததுதான். கபடி பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகவில்லை. பாடிப்போகிறவன் மேல் பிடி விழுந்த பிறகுதானே அவன் யார் என்று தெரியும்!

சரி, கணக்குக்கு வருகிறேன். சாண்டர்ஸ் 2,628 கஜத்தை 11 ஆட்டங்களில் எடுத்தார். ஜென்டி ஆடியது 14 ஆட்டம். சராசரி பார்த்தால் சாண்டர்ஸுக்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 239 கஜம், ஜென்டிக்கு 186. இன்னொன்றும் உண்டு. சீசன் முடிந்ததும் நடக்கும் 'பவுல்' ஆட்டங்களின் ஓட்டத்தை அந்தக் காலத்தில் சாதனைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2002-லிருந்துதான் சேர்க்கிறார்கள். சாண்டர்ஸ் 1988-ல் ஹாலிடே பவுலில் வயோமிங் அணிக்கு எதிராக 222 கஜம் ஓடி 5 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) எடுத்தார். அதையும் சேர்த்தால் 2,850. அந்தச் சீசனுக்கு முன் இரண்டு வருடம் அவர் தர்மன் தாமஸ் என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரருக்குப் பின்னால் காத்திருந்தவர் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணின் கனம் தெரியும்.

ஜென்டி பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அணி பெரிய முன்னிலை எடுத்த ஆட்டங்களில் அவரைப் பாதியிலேயே உட்காரவைத்தார்கள். யூட்டா ஸ்டேட் அணிக்கு எதிராக முதல் பாதியிலேயே 186 கஜம் எடுத்தவர், அப்புறம் இறங்கவே இல்லை. சாதனைதான் பெரிது என்று நினைத்திருந்தால் அந்த 27 கஜம் அங்கேயே கிடைத்திருக்கும். மூன்று வருடத்தில் 821, 1,347, 2,601, ஆக மொத்தம் 4,769 கஜம், 50 ஓட்ட டச்டவுன். ஒரு கல்லூரி மாணவனின் விளையாட்டு வாழ்க்கையை இப்படி வருடம் வருடமாக யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க முடிகிறது.

இதே பவுல் விவகாரத்தால் கல்லூரி வாழ்க்கை முழுவதற்குமான சாதனையிலும் இன்றுவரை வாக்குவாதம் ஓயவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரான் டெய்ன் 1999 வரை ஆடினார். பவுல் ஆட்டங்களோடு சேர்த்து 7,125 கஜம், சேர்க்காமல் 6,397. சான் டியாகோ ஸ்டேட் வீரர் டோனல் பம்ஃப்ரி 2016-ல் 6,405 எடுத்தார், பவுலையும் சேர்த்து. அதிகாரபூர்வச் சாதனை அவருக்குப் போய்விட்டது. எட்டு கஜ வித்தியாசம்! என்னைக் கேட்டால் டெய்ன்தான் அதிகம் ஓடியவர். ஆனால் அந்த ஊரில் ஒருவர் என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் அவர் கையிலும் முழுக் கணக்கு இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நம் கரையில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று எங்கே பார்த்தாலும் கபடி ஆடும் பிள்ளைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது இரவெல்லாம் விளக்கு போட்டு ஆட்டம் நடக்கும். முளைப்பாரித் திருவிழா, சர்ச் திருவிழா, சந்தனக்கூடு எதுவானாலும் கபடி உண்டு. மேஜையில் உட்காருகிறவர் இரண்டு அணிக்கும் ஏறும் புள்ளிகளை அடித்துக்கொண்டே போவார். எந்தப் பிள்ளை எத்தனை முறை பாடிப்போனான், எத்தனை புள்ளி கொண்டுவந்தான், எத்தனை தடவை மாட்டினான் என்று அந்தத் தாளில் இருக்காது. கோப்பை கொடுத்ததும் தாளும் போய்விடும். மறுநாள் பேப்பரில் இன்ன அணி முதல் பரிசு, இன்ன அணி இரண்டாம் பரிசு, பரிசு வழங்கிய பிரமுகர்களின் பெயர்கள். அவ்வளவுதான்.

என்னிடம் படித்த ஒரு பையன், பாம்பன் பக்கம். கல்லூரியில் மூன்று வருடமும் அணியின் முதல் ரெய்டர் அவன்தான். ஆறு பேர் நிற்கும் கட்டத்தில் புகுந்து போனஸும் எடுத்து ஒரு ஆளையும் தொட்டு வருவான். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு வேலைக்கு அதில் விண்ணப்பிக்கப் போனபோது அவன் கையில் இருந்தது ஷீல்டுகளும் குழுப் படங்களும். அவை செல்லாது என்றார்கள். ஒதுக்கீட்டுக்கு மாநில, தேசிய அளவிலான சான்றிதழ்தான் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாவட்ட அணிக்குத் தேர்வு நடக்கிற காலையில் அவன் படகில் கடலில் இருந்தான். அவனுடைய மூன்று வருடக் கணக்கு தேர்வாளர்கள் முன்னால் இருந்திருந்தால், 'அந்தப் பையன் எங்கே' என்று ஒருவராவது கேட்டிருப்பார். இப்போது அவன் படகுக்குத்தான் போகிறான்.

புரோ கபடி 2014-ல் வந்த பிறகு பர்தீப் நர்வால் 1,800 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார் என்று சின்னப் பையனும் சொல்கிறான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த நம் மணத்தி கணேசன் தன் வாழ்நாளில் எத்தனை புள்ளி எடுத்தார்? நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. மாவட்டப் பதிப்பில் கபடி முடிவு போடும்போது, இறுதி ஆட்டத்துக்காவது ஒவ்வொரு வீரரின் ரெய்டு எண்ணிக்கை, புள்ளி, பிடி மூன்றையும் போடுங்கள். பெண்கள் ஆட்டத்துக்கும் அப்படியே. பரிசு கொடுத்த பிரமுகர்களின் பெயர்களில் இரண்டைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். வீரர் வாரியாகக் குறிக்கும் தாள் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறேன். போட்டி நடத்தும் குழுக்கள் கேட்டால் நகல் தருகிறேன், மேஜையில் உட்கார்ந்து எழுதவும் வருகிறேன். வருகிற தடைக்காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்டங்களின் தாள்களை நடுவரின் கையெழுத்தோடு உங்கள் ராமநாதபுரம் நிருபரிடம் அன்றன்றைக்கே சேர்த்துவிடுகிறேன். எந்த நேரத்துக்குள் கொடுத்தால் மறுநாள் பதிப்பில் வரும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.