தோன்றா எழுவாய்கள்: ‘சஞ்சு’ திரைப்படத்தை உருவாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் ராஜ்குமார் ஹிரானி அவர்களுக்கும், அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய அபிஜாத் ஜோஷி அவர்களுக்கும், தயாரிப்பில் பங்குகொண்ட விது வினோத் சோப்ரா அவர்களுக்கும்,

திருகோணமலையிலிருந்து வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எனக்கு இந்தி பேச வராது. ஆயினும் எங்கள் வீட்டில் இந்திப் பாட்டு ஒலிக்காத நாள் அரிது, ஏனெனில் என் தந்தையார் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பைக் கேட்டே வளர்ந்தவர். சுனில் தத் நடிகராவதற்கு முன்னர் அந்த வானொலியின் அறிவிப்பாளராக இருந்தவர் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். ஊர்க்காரர் ஒருவர் பெரிய இடத்துக்குப் போனதைச் சொல்வது போன்ற ஓர் உரிமை அவர் குரலில் இருக்கும். ஆகவே சுனில் தத்தின் மகனான நடிகர் சஞ்சய் தத்தின் வாழ்வைச் சொல்லும் உங்கள் படத்தை, அந்தக் குடும்பத்தின் கதையை, பிறத்தியார் கதையாக நான் பார்க்கவில்லை. 2018 ஜூனில் வெளியான உங்கள் படத்தை இதுவரை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை தாளும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன்.

படத்தின் முதற்பாதியில் எனக்கு வழக்கில்லை. போதைப்பொருளுக்கு அடிமையான மகனும், அவனை விட்டுவிடவும் முடியாமல் கட்டிப்போடவும் முடியாமல் தவிக்கும் தகப்பனும் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். தாய் நர்கிஸ் நோயுற்றுக் கிடக்கையில் மகன் நினைவிழந்து திரியும் காட்சிகளில் என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். சஞ்சய் தத்தாக வரும் ரன்பீர் கபூரின் நடிப்பைக் குறை சொல்ல என்னால் இயலாது. என் முறைப்பாடு, அந்த மனிதனின் கையில் துப்பாக்கி வரும் இடத்திலிருந்து தொடங்குகிறது.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘படித்தாயா?’ என்று கேட்டால், ‘நீ’ என்ற எழுவாய் வெளிப்படையாக வராவிட்டாலும் வினைமுற்றின் விகுதியே யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ‘மிரட்டல் வந்தது’ என்று எழுதினால், மிரட்டலே எழுவாயாகி முன்னால் நின்றுகொண்டு மிரட்டியவனை மறைத்துவிடுகிறது. அதில் விகுதியும் நமக்கு உதவாது. உங்கள் படத்தின் பிற்பாதி முழுவதும் இத்தகைய வாக்கியங்களால் ஆனது. கலவரம் நடந்தது, மிரட்டல் வந்தது, துப்பாக்கி கிடைத்தது, பிணை கிடைத்தது. செய்தவர்களை மட்டும் காணவில்லை.

சுனில் தத் வீட்டுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளையே எடுத்துக்கொள்வோம். முஸ்லிம்களுக்கு உதவியதற்காகத் தகப்பனுக்கும் சகோதரிகளுக்கும் மிரட்டல் விடுக்கப்பட, அவர்களைக் காப்பாற்றும் பதற்றத்தில் மகன் துப்பாக்கியை வாங்கிவைத்தான் என்பதே உங்கள் கதையின் அச்சு. அவன் குற்றத்தைப் பார்வையாளர் மன்னிப்பதற்கு நீங்கள் காட்டும் ஒரே காரணமும் அதுதான். அப்படியானால் அந்தக் காரணத்துக்குக் கொடுக்கவேண்டிய இடத்தைக் கொடுத்திருக்க வேண்டாமா? 1992 டிசம்பர் 6 இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. அந்தக் கலவரத்தை விசாரித்த நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா ஆணைக்குழுவின் கணக்கின்படி கொல்லப்பட்டவர்கள் 900 பேர். அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். ஜனவரி வன்முறையில் சிவசேனைக்கும் அதன் தலைவர் பால் தாக்கரேக்கும் இருந்த பொறுப்பை, அனுபவம் மிக்க படைத்தளபதி ஒருவர் தம் ஆட்களை நடத்துவதற்கு ஒப்பிட்டு அந்த அறிக்கை எழுதியது. அந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினரான சுனில் தத், அடிபட்டவர்களுக்கு உணவும் உறைவிடமும் தேடி அலைந்து, அரசு கைகட்டி நின்றதைக் கண்டித்துத் தம் பதவியிலிருந்தே விலகினார். காங்கிரஸ்காரர் ஒருவர் காங்கிரஸ் ஆட்சியைக் கண்டித்து எடுத்த முடிவு அது. 1987 இல் பம்பாயிலிருந்து அமிர்தசரஸ் வரை அமைதிக்காக நடந்து சென்ற ஒரு மனிதரின் வாழ்வில் அதைவிடப் பெரிய கட்டம் எது? இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் உங்கள் படத்தில் அந்தக் கலவரம் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோய்விடுகிறது.

இனி நீதிமன்றப் பதிவிலும் தேர்தல் பதிவிலும் உள்ள ஒரு செய்தியைக் குறிப்பிட விரும்புகிறேன். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. 1993 ஜனவரியில், கலவரத்தின் நடுவே, சிவசேனையின் சட்டமன்ற உறுப்பினரான மதுகர் சர்போத்தார் சென்ற வாகனத்தை இராணுவத்தினர் மறித்தபோது அதில் ஆயுதங்கள் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் சஞ்சய் தத் ஏ.கே. 56 துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டத்தின் கீழ்க் கைதானார். மகனின் வழக்கு நடந்துகொண்டிருந்த 1996 இல் சுனில் தத் தேர்தலில் நிற்கவில்லை. அவருடைய மும்பை வடமேற்குத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றவர் அதே சர்போத்தார். மதப் பகைமையைத் தூண்டியதற்காக அவர் குற்றவாளியாகக் காணப்பட்டது 2008 இல், தண்டனை ஓராண்டு. ஒரே நகரம், ஒரே மாதங்கள், ஒரே தொகுதி. திரைக்கதை எழுதுபவர் தேடிப் போனாலும் இப்படி ஒரு நிகழ்வுத் தொடர் கிடைக்காது. உங்களுக்கோ இது வாசற்படியிலேயே கிடந்தது.

பிணையின் கதையும் அவ்வாறே. 1995 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் சிவசேனை – பாரதிய ஜனதா ஆட்சி அமைந்தது. தம் கட்சித் தலைமையிடம் பயன் காணாத சுனில் தத், எந்தத் தலைவரின் ஆட்களுக்கு அஞ்சி முஸ்லிம்கள் தம்மிடம் அடைக்கலம் தேடினார்களோ, அதே பால் தாக்கரேயின் வீட்டு வாசலுக்கு மகனுக்காகச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் பிணை கிடைத்தது. வெளியே வந்த மகன் நன்றி சொல்ல நேரே போன இடமும் அந்த வீடுதான். ஒரு தகப்பன் பிள்ளைக்காகத் தன் மானத்தை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் காட்சி உண்டா? தகப்பனையும் மகனையும் பற்றியதே இந்தப் படம் என்று சொல்லிய நீங்கள் அந்தக் காட்சியை விட்டுவிட்டு, உதவி கேட்கப் போன இடத்தில் தூங்கி வழியும் பெயரில்லாத அரசியல்வாதி ஒருவரைக் காட்டினீர்கள். தூங்கியவரைப் பார்த்து அரங்கம் சிரிக்கிறது. விழித்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எழவில்லை. படம் வெளியான 2018 இல் அங்கு மீண்டும் அதே இரண்டு கட்சிகளின் கூட்டாட்சி இருந்ததை நான் அறிவேன். உங்களை யாரும் வற்புறுத்தினார்கள் என்று நான் எழுதவில்லை. யாரும் வற்புறுத்தாமலேயே விட்டுவிட்டிருந்தால் என் வருத்தம் இன்னும் கூடுகிறது.

இவ்வளவு தொலைவில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். ‘நான் பயங்கரவாதி அல்லன்’ என்ற ஒரு வாக்கியத்தை நிறுவுவதற்காகவே உங்கள் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தை நான் என் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன். என் தம்பியை, அவனுக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கையில், ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். பதினான்கு மாதங்கள் கழித்துக் குற்றப்பத்திரிகை எதுவும் இல்லாமல் விட்டார்கள். பிடிபட்ட மறுநாள் ஒரு நாளேடு அவன் படத்தைப் போட்டு, பெயருக்கு முன்னால் ஒரு சொல்லையும் போட்டது. விடுதலையானதை அது எழுதவே இல்லை. அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து, செஞ்சிலுவைச் சங்கத்தார் தந்த அட்டையோடு சேர்த்து ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துபோயிற்று. படம் மட்டும் தெளிவாக இருந்தது. எனவே கேள்விக்குறி போட்ட ஒரு செய்தித் தலைப்பு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று நீங்கள் காட்டியபோது, உங்கள் கோபம் பொய்யல்ல என்று எனக்குத் தெரிந்தது.

ஆனால் என் தம்பியைப் பிடித்தது பத்திரிகை அன்று, ஒரு சட்டம். 1979 இல் மூன்றாண்டுக்கெனக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட எங்கள் பயங்கரவாதத் தடைச்சட்டமும், 1985 முதல் 1995 வரை இருந்த உங்கள் தடா சட்டமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகாது என்ற பழைய பாதுகாப்பை இரண்டுமே நீக்கின. அங்கே பொலிஸ் அத்தியட்சகர், இங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்; தரத்தில்தான் வேறுபாடு. தடா சட்டத்தின் கீழ் 76,000 க்கும் மேற்பட்டோர் கைதாகி, மிகச் சிலரே தண்டிக்கப்பட்டனர். 2006 நவம்பரில் தடா குற்றச்சாட்டிலிருந்து விடுபட்ட சஞ்சய் தத், ஆயுதச் சட்டத்தின் கீழ்க் குற்றவாளியானதற்கு அடிப்படையாக இருந்ததும் அந்தச் சட்டத்தின்படி பதிவான, பின்னர் அவர் மறுத்த வாக்குமூலம்தான். அதே வழக்கில், ஆயுதங்களை வீட்டில் வைத்திருந்ததற்காக வயது முதிர்ந்த ஒரு முஸ்லிம் பெண் தடா சட்டத்தின் கீழேயே தண்டிக்கப்பட்டார். 2013 இல் உச்ச நீதிமன்றம் அவருடைய ஐந்தாண்டுத் தண்டனையை உறுதிசெய்தபோது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது. ‘பயங்கரவாதி’ என்ற பெயர் ஒருவர் மேலிருந்து நீங்குவதும் இன்னொருவர் மேல் தங்குவதும் எப்படி என்று கேட்கும் படத்தை எடுக்க உங்களைவிடத் தகுந்தவர்கள் இல்லை. நீங்கள் கேட்டது சஞ்சய் தத் ஒருவருக்கான விடுதலையை மட்டுமே. அந்தச் சட்டம் உங்கள் படத்தில் சிறை அறையின் நாற்றமாக மட்டும் வந்துபோகிறது.

பழியைச் சுமக்க ஊடகங்கள் கிடைத்தன. படம் முடிந்த பின்னும் விடாமல், உண்மையான சஞ்சய் தத்தையும் அவராக நடித்தவரையும் சேர்த்து ஆடவிட்டு, பத்திரிகையாளர்களைத் திட்டும் பாட்டொன்றை வைத்தீர்கள். அந்தப் பாட்டை எங்கள் ஊரில் இருந்து கேட்பது கடினம். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, இங்குள்ள கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். தாங்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ நாளேட்டின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குள் சென்று எடுத்த படங்கள், அவர்கள் சுடப்பட்டிருந்ததைத் தலையிலிருந்த காயங்களோடு காட்டின. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்த ஐந்து பிள்ளைகளும் இன்றுவரை பயங்கரவாதிகளாகவே எழுதப்பட்டிருப்பார்கள். அதே மாதம் 24 ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட சுகிர்தராஜனைத் தெருவில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். உங்கள் ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையை மகாராஷ்டிர அரசு 1998 இல் ஏற்க மறுத்தது போல, இந்த ஐவர் கொலையையும் விசாரித்த எங்கள் உடலகம ஆணைக்குழுவின் அறிக்கையும் 2015 வரை வெளியே வரவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூவரும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் சான்று போதாதென்று விடுவிக்கப்பட்டனர். இங்கேயும் வாக்கியம் அப்படியேதான் நிற்கிறது: ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். மாணவர்கள் கொல்லப்பட்ட 2006 இன் செப்டெம்பரில்தான், சஞ்சய் தத் நடித்த முன்னாபாயின் பக்கத்தில் காந்தியை உட்காரவைத்த உங்கள் படம் வெளிவந்தது என்பதையும், பிற்பாடு அதைப் பார்த்து நான் மனம் விட்டுச் சிரித்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லவேண்டும். அந்தப் படத்தை எடுத்தவர்களிடம்தான் இதைக் கேட்க முடியும் என்று நம்பியே எழுதுகிறேன்.

முதல் மனைவி ரிச்சா சர்மாவும் அவர் விட்டுச்சென்ற மகளும், இரண்டாம் மனைவி ரியா பிள்ளையும் படத்தில் இல்லை. குடும்பத்தாரின் மனம் நோகாதிருக்க அப்படிச் செய்திருக்கலாம். அதில் நான் தலையிடவில்லை. ஒரு நகரத்தின் 900 சாவுகள் குடும்ப விடயம் ஆகா.

என்னிடம் மாலையில் பாடம் கேட்க வரும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு, சென்ற விடுமுறையில் உங்கள் படத்தின் பிற்பாதியைப் போட்டுக் காட்டினேன். 1992 க்கு வெகு காலத்துக்குப் பின் பிறந்தவர்கள். பம்பாயை வரைபடத்தில் மட்டும் கண்டவர்கள். மிரட்டல் அழைப்பு வரும் இடத்தில் ஒரு மாணவி கையை உயர்த்தி, “சேர், போன் எடுத்து மிரட்டினது ஆர்?” என்று கேட்டாள். படத்தை நிறுத்தி, மேலே எழுதியவற்றை ஒரு மணி நேரம் சொன்னேன். மீதிப் படத்தைப் பார்க்க அன்று நேரம் இருக்கவில்லை.

உங்கள் படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஓர் எழுத்துப் பலகையைச் சேர்ப்பது இன்றைக்குப் பெரிய வேலை அன்று. இணையத்தில் ஓடும் படத்தை ஒரே நாளில் மாற்றலாம். கலவரத்தின் தேதிகளையும், ஆணைக்குழு சொன்ன எண்ணையும், அது பொறுப்பாளியாகக் கண்டவர்களின் பெயர்களையும், பதவி விலகிய நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரையும் அதில் எழுதுங்கள். எழுதியபின் எனக்குத் தெரிவித்தால், அந்த மாணவியை அழைத்து மீதிப் படத்தையும் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
திருகோணமலை.